ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மாரடைப்பு வந்ததற்குக்கூட விதோயே வெட்கப்படவில்லை. அவருடைய ஊரான வாலியேவோவில் அது ஆம்பளைக்கு வருகிற கௌரவமான நோய். பிறகு படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயம் தேறிடுச்சு, எலும்புதான் தேய்ஞ்சிருக்கு" என்றபோதுதான் கூசிப்போனார். கிழவிகளுக்கு வருகிற வியாதி!

அதற்கு வாரம் ஒரு மாத்திரை. ஞாயிறு காலை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காப்பி கூடாது. அவர் மனைவி தேசங்கா அதை 'உட்காரவே கூடாது' என்று திருத்திக்கொண்டாள். நிற்கிற நேரத்துக்குப் பாத்திரம் வேறு கழுவவைத்தாள்.

விதோயே திட்டம் போட்டார். மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பார். அவள் திரும்பியதும் ஜன்னலோரப் பூந்தொட்டியில் புதைத்துவிடுவார். நாலு மாதம். ஒரு பிசகு இல்லை.

டிசம்பரில் குடும்பப் புனிதர் நிக்கொலாவின் திருநாள் வந்தது. அன்று மெழுகுவத்தி ஏற்றியபின் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. விருந்தாளிகளை நின்றேதான் உபசரிக்க வேண்டும்.

"மாரடைப்பு வந்த ஆளு, கம்பம் மாதிரி நிக்கிறீரே!" என்றார் பக்கத்து வீட்டு ரய்கோ.

"மருந்து ஒரு தடவைகூடத் தவறல அண்ணே," என்றாள் தேசங்கா. "போன வருஷம் இந்த மெழுகுவத்திய இனிமே தனியாத்தான் ஏத்தணுமோன்னு பயந்துட்டேன்."

விதோயேவுக்கு நெஞ்சை அடைத்தது. இது மாரடைப்பு இல்லை. இவளையா ஏமாற்றினோம் என்று குமைந்து, அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனார்.

"தேசங்கா, நான் பாவி. ஒரு மாத்திரையும் முழுங்கல. எல்லாம் அந்தத் தொட்டியில கெடக்கு."

"தெரியும். ரெண்டாவது வாரமே கிளறிப் பாத்துட்டேன்."

"ஐயோ, அப்ப என் எலும்பு?"

"டாக்டர்கிட்டப் போய் அழுதேன். ஆறு மாசத்துக்கு ஒண்ணு போடுற ஊசிக்கு மாத்திட்டாரு. செப்டம்பர்ல சளிக்காய்ச்சல் தடுப்பூசின்னு கைய நீட்டினீங்களே, அதான்."

"அதுக்கப்புறம் நான் புதைச்சதெல்லாம்?"

"நான் மாத்தி வெச்ச வெறும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. செடியப் பாருங்க, பனியிலயும் பூத்திருக்கு."

"அப்புறம் எதுக்குடி வாராவாரம் காப்பி குடுக்காம நிக்கவெச்சே?"

"உட்கார்ந்தா பேப்பருக்குள்ள போயிடுவீங்க. வாரத்துல அந்த அரை மணி நேரந்தான் எங்கூடப் பேசினீங்க."

நாற்பது வருடத்தில் அந்த அரை மணி நேரத்தை அவராக ஒரு நாளும் கொடுத்ததில்லை.

"இனிமே மாத்திரை இல்லாமலே நிக்கிறேன், தேசங்கா."

அவள் முன்னால் கட்டியிருந்த சமையல் துணியில் கண்ணைத் துடைத்தாள். அதே துணியை அவிழ்த்து அவர் இடுப்பில் கட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு? இன்னிக்கும் நீங்க உட்காரக் கூடாதே. முப்பது தட்டு கெடக்கு."