பதினேழு சென்டிமீட்டர் பர்கரும் வலது கையும்

கீழக்கரை,
12.6.2006

அன்புள்ள ஹமீது சுல்தான் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள், பத்தாம் வகுப்பு சித்தி ஜுனைதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு உம்மா, வாப்பா, நஃபீசா மாமி, நான், மாமியின் இரண்டு ஆடுகள் அனைவரும் நலம். துபாயில் நீங்களும் உங்கள் முழங்கால் வலியும் பிரிந்து நலமாக இருக்க துஆச் செய்கிறோம்.

"நம்ம பர்கர் கடைத் திறப்பு எப்படின்னு போன்ல கேட்டா எல்லாரும் மாஷா அல்லாஹ்னு மட்டும்தான் சொல்லுவாங்க. நீதான் ஒண்ணு விடாம எழுதுவ. ஒன் லெட்டரப் பாத்துட்டுத்தான் வேலைய விட்டுட்டு ஊருக்கு வர்றதா, இங்கனயே கெடக்குறதான்னு முடிவு பண்ணுவேன்" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் நீங்களும் மாமியும் ஒரே ஊரில் இருந்தது மொத்தம் பதினான்கு மாதம். நேற்று மாமியே என் பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்து, "நல்லா இருந்துச்சுன்னு ஒரு வரி எழுது, போதும்" என்றார். ஆனால் நீங்கள் கேட்டது உண்மையை. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் கடை திறந்தது, நீங்கள் துபாய் ஹோட்டலில் பழக்கி அனுப்பிய அகமது கபீர் காக்கா வெள்ளைத் தொப்பியோடு வாசலில் நின்றார், முதல் பர்கர் எங்கள் மேசைக்குத்தான் வந்தது. அடியில் ஒரு பன், அதன் மேல் இலை, கறி வடை, சீஸ், வதக்கிய வெங்காயம், இன்னொரு கறி வடை, பொரித்த முட்டை, அன்னாசித் துண்டு, மறுபடியும் பன், உச்சியில் கொடிக்கம்பம் போல ஒரு குச்சி. என் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் பதினைந்தோடு தீர்ந்துவிட்டதால் இரண்டு தடவை வைத்து அளந்தேன். பதினேழு சென்டிமீட்டர். முழுதாகத் திறந்தால் என் வாய் நாலரை. இதை மரப்பலகையில் வைத்துத் தந்தார்கள். உம்மா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் கபீரு, தட்டெல்லாம் இன்னும் வந்து சேரலையா? காய் நறுக்குற பலகைல வச்சிருக்க?" என்று கேட்டார். "அதான் லாத்தா ஸ்டைலு" என்று சொன்னபோதே கபீர் காக்காவின் தொப்பி கொஞ்சம் சரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தத் தவறைச் செய்தார். கடை முழுக்கக் கேட்கும்படி, "ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக் கடிக்கணும்" என்றார். எல்லோரும் இடது கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்கள். இடது கை சோற்றில் பட்டதற்காக உம்மா என்னை எத்தனை தடவை அடித்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். வாப்பா வலது கையால் மட்டும் தூக்கினார். மேல் பன் மட்டும் வந்தது. அதைத் திரும்ப வைத்துவிட்டு உம்மாவிடம், "ஒன் சோத்துக்கையக் குடு புள்ள" என்றார். ஒரு பக்கம் வாப்பாவின் வலது கை, மறு பக்கம் உம்மாவின் வலது கை, நடுவில் பர்கர். "இழுக்காதீங்க." "நா எங்க இழுக்குறேன், நீதான் சாய்க்கிற." "முட்டை ஒழுகுது, சீக்கிரம் கடிங்க." இதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர்களும் ஜோடி சேர்ந்தார்கள். மதில் சுவர்த் தகராறில் நாலு வருஷமாகப் பேசாத அண்ணனும் தம்பியும் ஒரே பர்கரை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு கடித்தார்கள்.

ஜோடி இல்லாதவர் மாமி ஒருவர்தான். பர்கரைப் பலகையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கை கொடுக்கப் போனேன். "நீ சாப்புடும்மா" என்றார்.

இதற்குள் பாதிப் பர்கர்கள் மடியில் விழுந்துவிட்டதால் வாப்பா எழுந்து, "சஹன் கொண்டாங்கப்பா" என்றார். கல்யாண வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் பெரிய தட்டுகள் வந்தன, பர்கர்களைப் பிரித்துக் கொட்டிப் பிசைந்தார்கள். ஆனால் ஆண்கள் பக்கம் ஒரு சஹனுக்கு மூன்று பேர்தான் தேறினார்கள். நாலாவது ஆள் உட்காராமல் யாரும் வாயில் வைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்டு மீட்டர் பார்க்க வந்தார் திருப்புல்லாணி சேதுராமன் சார். "வாங்க சார், ஒக்காருங்க." "நான் சைவம்ங்க." "சும்மா ஒக்காருங்க, ஆளு கணக்குக்குத்தான்." அந்தச் சஹனில் ஆரம்பித்து வைத்துவிட்டு அவர் எழுந்ததும் அடுத்த சஹனில் பிடித்துக்கொண்டார்கள். மூன்று சஹனிலும் அவருக்கென்று ஓரமாக ஒதுக்கித் தந்த இலையையும் உருளைக்கிழங்கு வறுவலையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, நான் அளந்ததைச் சொல்லிக்கொண்டிருந்த குழப்பத்தில், மீட்டர் அட்டையில் 17 என்று எழுதிவிட்டுப் போனார். கபீர் காக்கா அடுப்படியில் உட்கார்ந்து, "எட்டு வருஷம் அடுக்கப் படிச்சேன் ஜுனைதா, பிசைய இல்ல" என்று அழுதார்.

ஆகவே மாமா, வர வேண்டாம். கடை நிலைக்காது. மாமியின் முகத்தைப் பார்க்காமல் இதை எழுதுகிறேன். திரும்பவும் சொல்கிறேன், வர வேண்டாம். வியாழக்கிழமை துபாய்க்கு விமானம் ஏறும் முஹைதீன் காக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாப்பா, உம்மா, மாமி ஸலாம் சொன்னார்கள். அல்லாஹ் உங்கள் வேலையையும் முழங்காலையும் காப்பானாக.

இப்படிக்கு,
உண்மையை மறைக்காத மருமகள்,
சித்தி ஜுனைதா

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் போன் வந்தது. கடை திறப்பதற்கு முதல் நாளே ராஜினாமா கொடுத்துவிட்டீர்களாம், வியாழக்கிழமை வருகிறீர்களாம். என்னை ஏன் கேட்டீர்கள் என்றதற்கு, "ஒன் லெட்டருக்குத்தாம்மா காத்திருந்தேன், அதுக்குள்ள கை கையெழுத்துப் போட்டுருச்சு" என்றீர்கள். நீங்கள் இங்கே இறங்கும் நாளில் கடிதம் அங்கே போய் இறங்கும். ஆனாலும் எழுதியது வீணாகக் கூடாது என்று அனுப்புகிறேன். மேலே 'வர வேண்டாம்' என்று உள்ள இரண்டு இடங்களிலும் 'வாருங்கள்' என்று படித்துக்கொள்ளவும். அடித்துத் திருத்தினால் கடிதம் அசிங்கமாகிவிடும். மாமி அந்த மரப்பலகையைக் கழுவிக் காயவைத்திருக்கிறார். கபீர் காக்காவிடம் வியாழக்கிழமைக்கு ஒரே ஒரு பர்கர், பதினேழு சென்டிமீட்டரில், சொல்லியாகிவிட்டது. நீங்கள் வேறொன்றும் கொண்டுவர வேண்டாம், வலது கை போதும்.