யூகலேலேயின் தலைச்சாய்வு

"வாசிச்சுப் பாத்தேனுங்க. தலை கொஞ்சம் அதிகமாச் சாஞ்சாப்ல தெரியுது" என்று யூகலேலேயைத் திருப்பி நீட்டினாள் லோகப்பிரியா.

கிருபாசங்கருக்குப் பகீரென்றது. பம்புசெட்டு வார்ப்புக்கு பேட்டர்ன் என்கிற மர அச்சு செய்வது அவன் பிழைப்பு. யூகலேலே என்கிற நாலு நரம்புக் குட்டி கிடார் செய்வது ஆசை. முதல் ஆர்டர் கொடுத்தவள் பக்கத்து வங்கியில் வேலை பார்க்கும் லோகப்பிரியா. அதைக் குறையில்லாமல் முடித்துக் கொடுத்து, கையோடு மனசிலிருப்பதையும் சொல்லிவிடுவதென்று இருந்தான். குறையை வைத்துக்கொண்டு எந்த மூஞ்சியோடு சொல்வது?

"நரம்பு முறுக்கற தலைக்குப் பதினாலு டிகிரி சாய்வுங்க. பத்தாக்கிப்போடறேன். சனிக்கிழமை வாரீங்களா?"

"வாரேனுங்க."

வந்தாள். எடுத்துப்போனாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தாள்.

"இப்ப ரொம்ப நிமிந்து நிக்குதுங்க."

பதினெட்டாக்கினான். அவள் கண்ணெதிரே நரம்பை முறுக்கும்போது யூகலேலேயின் கழுத்து மளுக்கென்று ஒடிந்தது. அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கு மானம் போயிற்று.

பயந்துபோய், வேறு கழுத்து மாட்டி ஆறுக்கு இறக்கினான். நரம்புகள் தங்கள் காடிப் பள்ளத்தில் உட்காராமல் துள்ளின.

"பரவால்லீங்க, அடுத்த வாரமும் வாரேன். ஊட்ல ஒப்புட்டு சுட்டோம், சாப்பிடுங்க."

பாகைமானியை விட்டுக் கண்ணெடுக்காமல் அத்தனை ஒப்புட்டையும் தின்று தீர்த்தான் அந்தப் புத்திசாலி.

கடைசியில் பன்னிரண்டு டிகிரி. அவனே வாசித்துப் பார்த்தான். ஒரு சுரம் பிசகவில்லை.

"முடிஞ்சுதுங்க! இனி இதுக்காக நீங்க ஒரு நாளும் இங்க வர வேண்டியதில்லை" என்றான் பெருமையாக.

அவள் முகம் வாடிப்போயிற்று. "அப்படீங்களா" என்று வாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

அதன்பின் சனிக்கிழமைகளில் பட்டறை வெறிச்சென்றிருந்தது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து, அவளோடு வேலை பார்க்கும் தாஜுன்னிசா கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். "லோகப்பிரியா குடுக்கச் சொன்னாளுங்க." மாப்பிள்ளைக்குக் காங்கேயம் ஊர்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. தொழிலையாவது விசாரித்தான்.

"அந்தப் பன்னெண்டு டிகிரி அவிங்களுக்குத் தோதா இருக்குதுங்களா? நல்லா வாசிக்கறாங்களா?"

தாஜுன்னிசா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, அவளுக்கு அதை எந்தக் கையில புடிக்கறதுன்னுகூடத் தெரியாதுங்களே!"