குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் பொட்டு வைத்த கதை

செய்தித்தாளில் பிழை திருத்தியே வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு வேலையைச் சொன்னால், சொன்ன அளவோடு நிறுத்த மாட்டோம். சொல்லாததையும் சேர்த்து மிக ஒழுங்காகச் செய்து, அந்த ஒழுங்கினாலேயே நாசத்தை உண்டாக்குவோம். நான் உண்டாக்கிய நாசம் இன்றும் அரசாங்கத்தின் பாதுகாப்பில் பத்திரமாக இருக்கிறது. அழிக்க முடியாது. (முயன்று பார்த்துவிட்டார்கள்.)

நான் உதவி ஆசிரியராக இருந்த நாளிதழ் ஒருநாள் தன்னைச் சுருக்கிக்கொண்டது. முதலில் உதிர்ந்தவன் நான். அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஒப்பந்த வேலை கிடைத்தது. அரசு அதிகாரிகளின் நேர்மையைக் கண்காணிக்கும் மாநில அலுவலகம் ஒன்று, தன் பழைய கோப்புகளை அங்கே, முன்பு பம்புசெட் செய்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்திருந்தது. அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வரியில் சுருக்கம் எழுதுவதும், ஸ்கேன் ஆன பக்கங்களைச் சரிபார்ப்பதும் என் வேலை.

ஊழலின் ஆதி ரகசியங்கள் என் கைக்கு வரப்போகின்றன என்று நினைத்துக்கொண்டு போனேன். முதலில் வந்தது ஒரு பொறியாளரின் விளக்கக் கடிதம். தனக்கு ஒருவர் சுவர்க்கடிகாரம் கொடுத்தது உண்மை என்றும், ஆனால் அது ஓடவில்லை என்பதால் அதைப் பரிசாகக் கருத இயலாது என்றும் எழுதியிருந்தார். இன்னொருவர், மகள் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்குகளைத் தனித்தனியாக அறிவித்துவிட்டு, அந்த விளக்குகளை ஏற்றுவதற்காகக் கட்டிய மாடி வீட்டை அறிவிக்க மறந்திருந்தார். நான் அதையெல்லாம் பவ்யமாக மூன்று வரியில் சுருக்கினேன்.

எங்கள் வீடு பருத்திப்பட்டில். என் மாமனார் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்துபவர். அவர் அகராதியில் உத்தியோகம் என்றால் நிரந்தரம். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

“மாப்ள, சோலி நெரந்தரமா?”

“ஒப்பந்தம் மாமா. ஆயுத பூஜை முடிஞ்சதும் மேலதிகாரி ஆய்வுக்கு வர்றாரு. திருப்தின்னா நீட்டிப்பாங்க.”

“இல்லன்னா?”

என் மனைவி சுமதி முந்திக்கொண்டாள். “இல்லன்னா எங்கண்ணன் டயர் கடைதான்.”

அவள் அண்ணனுக்குக் குமணன்சாவடியில் டயர் கடை. பிறந்தது தென்காசி என்றாலும் அவன் நாக்கு முழுக்க ஆவடியில் வளர்ந்தது. “இன்னாத்துக்கு மச்சான் கவலப்பட்ற? உனுக்கு எயுத்து வேலதான தெரியும்? நம்ம கடைல டயர் மேல சாக்பீஸால நம்பர் எயுதலாம். நெறைய கீது” என்று ஆறுதல் சொன்னான். அந்த ஆறுதலுக்குப் பிறகு நான் ஆய்வைப் பற்றிய நினைப்பிலேயே சாப்பிட்டேன், தூங்கினேன்.

ஆயுத பூஜைக்கு அலுவலகம் விடுமுறை என்பதால், முந்தைய நாளே பூஜை போடுவது வழக்கம். நேர்மையைக் காக்கும் அலுவலகம் அல்லவா? பூஜைக்கென வெளியாரிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று ஆண்டுதோறும் ஒரு சுற்றறிக்கை வரும். எங்கள் பூசணிக்காய்கூட ரசீதோடுதான் வந்தது.

பதிவறைக் கண்காணிப்பாளர் கோமதி மேடம் என்னிடம் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கொடுத்தார். “தம்பி, மெஷினுக்கு ஒண்ணு, பீரோவுக்கு ஒண்ணு, அப்படியே அந்த ஃபைல் கட்டுங்க மேலயும் ஒண்ணு ஒண்ணு தொட்டு வச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் பொரி கலக்கப் போனார். ஸ்கேனரை ஓட்டும் ரஃபீக் பாய், பூந்தமல்லிக்காரர், வாழைக்கன்று வாங்கப் போயிருந்தார். என்னைத் தடுக்க ஆளில்லை.

கட்டுக்கு ஒரு பொட்டு. ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒரு கட்டின் உச்சியில் இருக்கும் கோப்புக்கு வைத்துவிட்டு, அடியில் இருப்பதை விட்டுவிடுவது பாரபட்சம் இல்லையா? அதுவும் இந்த அலுவலகத்தில்? நான் கட்டுகளை அவிழ்த்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக வைப்பது என்று தீர்மானித்தேன்.

ஸ்கேன் செய்வதற்காக அட்டைகளை முன்பே கழற்றியிருந்தார்கள். ஆகவே மேலே இருந்தது முதல் பக்கம். அதில் குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியின் பெயர், பதவி, குற்றச்சாட்டு, ஓரத்தில் அவருடைய பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். வேலையில் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லித்தந்த விதி ஒன்று உண்டு: ஆவணத்தில் எழுத்தின் மேல் எந்தக் குறியும் விழக் கூடாது. நான் பக்கத்தை ஆராய்ந்தேன். மேலே முத்திரை, கீழே கையொப்பம், நடுவில் டைப் எழுத்து, மார்ஜினில் பென்சில் குறிப்பு. எழுத்தே இல்லாத வெற்றிடம் ஒன்றுதான் இருந்தது.

அதிகாரியின் நெற்றி.

நடுத்தர வயது அதிகாரிகள் இந்த விஷயத்தில் தாராளமானவர்கள். விரலால் வைத்தால் பிசகும் என்று, காது குடையும் பஞ்சுக்குச்சியால் வைத்தேன். முதலில் சந்தனம், அதன் மையத்தில் குங்குமம். ஒன்றுகூடப் புருவத்தைத் தொடவில்லை.

விடுமுறை முடிந்ததும் ரஃபீக் பாய் அத்தனையையும் ஸ்கேன் செய்தார். கத்தையைக் கொடுத்தால் மெஷினே இழுத்துக்கொள்ளும். அவர் முகம் பார்ப்பதில்லை. சரிபார்த்தது நான். பக்கம் நேராக இருக்கிறதா, எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்தேன். படத்தைப் பார்ப்பது எங்கள் நாளிதழில் வேறொருவரின் வேலை. அந்தப் பழக்கம் விடவில்லை. ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அழுத்திக்கொண்டே போனேன். அதை அழுத்தியதும் அந்தப் பக்கம் பூட்டிக்கொள்ளும். பிறகு யாரும் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. நேர்மைக்கான ஏற்பாடு அது.

ஆய்வு அதிகாரி வந்தார். பெரிய திரையில் முதல் கோப்பைத் திறந்தார்கள். மஞ்சள் வட்டத்தில் சிவப்புப் பொட்டோடு, அருள் பொங்க ஒரு முகம் எங்களைப் பார்த்தது.

“யாரும்மா இது?”

“வருமானத்துக்கு அதிகமா சொத்து சேர்த்தவர், சார்” என்றார் கோமதி மேடம்.

“நான் நெத்தியைக் கேட்டேன்.”

கோமதி மேடம் அவசரமாகத் திரையை நகர்த்தினார். அடுத்த கோப்பு. அடுத்தது. மணல் விவகாரத்தில் சிக்கியவர் புது மாப்பிள்ளை போல இருந்தார். ஏற்கெனவே பொட்டு வைத்திருந்த பெண் அதிகாரி ஒருவருக்கு, அதற்கு மேலே மாடி கட்டினாற்போல இன்னொன்று. தொப்பியும் தாடியுமாக ஒருவர் வந்தபோது ரஃபீக் பாய் மெல்ல இருமினார்.

“இவங்க எல்லாரும் தப்புப் பண்ணினாங்கன்னு நாம சொல்றோம்” என்றார் அதிகாரி நிதானமாக. “படத்தைப் பார்த்தா நாமே ஆரத்தி எடுத்து உள்ளே கூப்பிட்ட மாதிரி இருக்கு. யார் வெச்சது?”

ரஃபீக் பாய் என் காதோரம் குனிந்தார். “சார், நீங்களே ஒத்துக்கினு போய்டுங்க. நான் வெச்சேன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான்.”

கையைத் தூக்கினேன்.

“ஏன் நெத்தியில?”

“எழுத்து மேல குறி விழக் கூடாதுன்னு விதி இருக்கு, சார். அங்கதான் இடம் இருந்தது.”

அதிகாரியின் கை அவரையறியாமல் தன் நெற்றிக்குப் போய், முடி தொடங்கும் இடம் வரை நெடுந்தூரம் பயணம் செய்து திரும்பியது. அன்று மாலையே எனக்குக் குறிப்பாணை வந்தது: அரசு ஆவணங்களில் அனுமதியின்றி அடையாளம் இட்டதற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

வீட்டில் சொன்னேன். சுமதி அழவில்லை, அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் என் அளவுக்கு நீல யூனிஃபார்ம் ஒன்று வாங்கி வைத்தான்.

ஒப்பந்தம் முடியும் நாளன்று கோமதி மேடம் என்னை அழைத்தார். முகம் குழம்பியிருந்தது. “தம்பி, உங்க ஒப்பந்தம் இன்னிக்கு முடியுது. ஆனா எங்களால முடிக்க முடியல.”

விசாரணை நிலுவையில் உள்ள எவரையும் அது முடியும்வரை விடுவிக்கக் கூடாது என்று அந்த அலுவலகத்துக்கு ஒரு விதி. தப்புச் செய்துவிட்டு ஓய்வுபெற்று நழுவும் பெரிய அதிகாரிகளுக்காகப் போட்ட வலை. பெரியவர்கள் எப்படியோ நழுவிவிட்டார்கள். வலையில் நான் இருந்தேன்.

விசாரணை அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். ஒவ்வொரு பொட்டுக்கும் தனித்தனி விளக்கம் கேட்டார். நான் எழுதத் தொடங்கியதும் அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்தவர் முதல் பொட்டிலிருந்து ஆரம்பித்தார், அவரும் மாற்றலானார். இப்போது இருப்பவர் எத்தனையாவது ஆள் என்று கோமதி மேடத்துக்கே நினைவில்லை. நான் அதே மேசையில் சுருக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சுமதி மாங்காட்டில் காமாட்சி முன்னால் நின்று, “தாயே, அந்த விசாரணை மட்டும் முடிஞ்சிடக் கூடாது” என்று வாய்விட்டே வேண்டுகிறாள்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாமனார் என்னைத் தன் ஊர்க்காரர் ஒருவருக்கு அறிமுகம் செய்தார்.

“நம்ம மருமவன். கவர்மென்ட்ல இருக்காவ.”

“நெரந்தரமாவே?”

மாமனார் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

“நெரந்தரம் என்னவே பெரிய நெரந்தரம்! அம்பத்தெட்டோ அறுவதோ ஆச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிருவான். இவுஹ மேல கேஸு நடக்கு. சாவுற வரைக்கும் அசைக்க முடியாது.”