ஐந்து லட்சம் தெங்கே மாப்பிள்ளை

"மாசம் அஞ்சு லட்சமா?" என்று மறுபடியும் கேட்டார் ஒஸ்பன்கான்.

பெர்திபெக்கின் வாய் தவறி வந்த எண் அது. ஷிம்கென்டில் அவன் லாரி ஓட்டத் தொடங்கி நாலு மாதம்தான் ஆகிறது. கைக்கு வருவது அந்த நாட்டுப் பணத்தில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் தெங்கே. அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முறைப்படி பெரியவர்கள் பெண் கேட்டு வருவதற்கு முன்னால், பையனைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று மர்ஜானின் அப்பா, பள்ளியில் பூகோள வாத்தியாரான ஒஸ்பன்கான் கூப்பிட்டனுப்பியிருந்தார். அந்த மீசையைப் பார்த்ததும் சம்பளம் தானாகவே இரட்டிப்பாகிவிட்டது.

"ஆமா மாமா. அஞ்சு."

"என்ன சரக்கு?"

"வெங்காயம்."

"வெங்காய லாரிக்குப் புதுசா வர்றவனுக்கு ரெண்டரை தாண்டாதே தம்பி!"

பூகோள வாத்தியாருக்கு வெங்காய லாரிக் கூலி எப்படித் தெரிந்தது? யோசிக்க நேரமில்லை. மர்ஜானின் அம்மா ரௌஷான் தேநீர்க் கிண்ணத்தை நீட்டினாள். பாதிக்கு மேல் இருந்தது. அந்த ஊர் வழக்கத்தில் கொஞ்சமாக ஊற்றினால் 'இரு' என்று அர்த்தம், நிறைய ஊற்றினால் 'கிளம்பு'. மர்ஜான் இல்லாமல் இந்த வாசற்படியை இறங்குவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"வெங்காயம் போன மாசம் மாமா. இப்ப குளிர்பெட்டி லாரி. உறைஞ்ச இறைச்சி."

"அப்படிச் சொல்லு! அதுக்கு அஞ்சு குடுப்பான். ஆனா ரஷ்யா வரைக்கும் போகணும். மாசத்துல இருபத்தஞ்சு நாள் நீ ரோட்டுல இருப்ப. என் பொண்ணு யாரோட குடித்தனம் பண்ணுவா, சுவத்தோடயா?"

"ஐயோ, அதைத்தான் விட்டுட்டேனே! இப்ப கார் ஏத்துற லாரி. பக்கத்து ஊர்தான், ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம்."

"புதுக் கார் எட்டை நாலு மாச அனுபவத்தை நம்பி எந்த முதலாளி ஏத்துவான்? அஞ்சு வருஷம் ஓட்டினவனுக்கே யோசிப்பான்."

ரௌஷான் தலைக்குட்டையின் நுனியால் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த கிண்ணம் விளிம்பைத் தொட்டது. தேநீர் சிந்தியது. கோபத்தில்தான் என்று முடிவு செய்தான் பெர்திபெக். பொய்யில் விழுந்தவனுக்கு இன்னொரு பொய்தான் படிக்கட்டு.

"அங்க யோசிச்சாங்க, அதனால... பெட்ரோல் டேங்கருக்கு மாறிட்டேன் மாமா."

"டேங்கரா! பேஷ்! அபாயச் சரக்குக்குன்னு தனிச் சான்றிதழ் வாங்கியிருப்பியே, அதைக் காட்டு."

"வண்டியில இருக்கு."

"வண்டி எங்க?"

"வாசல்ல."

ஒஸ்பன்கான் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். வாசலில் நின்ற லாரியின் மேல் வெங்காய மூட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. ஒரு மூட்டை அவிழ்ந்து, பக்கத்து வீட்டு ஆடு ஒன்று உதிர்ந்த வெங்காயத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"பெட்ரோலுக்குத் தோல் இருக்கோ?" என்றார் ஒஸ்பன்கான்.

பெர்திபெக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். இனி ஏற லாரி இல்லை.

"வெங்காயம்தான் மாமா. ரெண்டு லட்சத்து நாப்பது. கூட ஒரு தெங்கே இல்லை. ரெண்டு வருஷம் போனா மூணரை வரும்னு சொல்றாங்க, வருமான்னு எனக்கே தெரியாது. ஆனா மர்ஜானைப் பட்டினி போட மாட்டேன்."

சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. வேடிக்கைதான், சம்பளம் பாதியானதும் நிம்மதி இரட்டிப்பானது.

ஒஸ்பன்கான் மீசையை முறுக்கினார். "என் வீட்டுல உக்காந்து, என் ரொட்டியைத் தின்னுக்கிட்டே, என் முகத்தைப் பார்த்து நாலு லாரிப் பொய்யா? பெண் கேட்கிற லட்சணமா இது? எழுந்திருடா!"

பெர்திபெக் எழுந்தான். கால் செருப்பைத் தேடியது.

"நீ உக்காரு தம்பி," என்றாள் ரௌஷான். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. தேநீர் அளவையே தப்பவைத்த, அடக்கிவைத்த சிரிப்பில் கண்ணில் நீர் வழிய, அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நல்ல நாளாப் பார்த்துத் தேதியைக் குறிங்க. இந்தப் பிள்ளைகிட்ட லைசென்ஸாவது இருக்கு. என்னைக் கேட்டு வந்து, எங்கப்பா முன்னாடி இதே நாலு லாரியையும் நீங்க வாயாலயே ஓட்டினப்ப, உங்களுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே!"