களிமண் முதுகுக்குக் கிடைத்த சீட்டு

டயகம,
வியாழக்கிழமை காலை

அன்புள்ள கந்தப்பன் மாமாவுக்கு,

சுதர்ஷினி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் அக்காவின் முதுகைத் தவிர இங்கே எல்லாம் நலம். உங்கள் போன் மூன்று நாளாக வேலை செய்யாததால் இதைப் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நாளை கொழும்பில் எங்கள் இறுதியாண்டுக் கண்காட்சி. சிலை போய்ச் சேராவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை. சிலை அம்மாதான். கம்பி கட்டி, தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது அம்மா இடுப்பில் சுற்றும் படங்கையும் பழைய சேலைகளையும் களிமண் கரைசலில் தோய்த்து, தோலாகப் போர்த்தினேன். துணி காயக் காய இறுகி, முதுகு தானாகவே வளைந்துகொண்டது. "இம்புட்டுக் கோணலாவா இருக்கேன்?" என்றார் அம்மா. "இதவிட மோசம்மா" என்றேன்.

வீடென்று இருக்கிற லயத்து அறைக்குள் இடமில்லாமல் முன்வாசல் இஸ்தோப்பில் வைத்திருந்தேன். விடிந்ததும் கணக்கப்பிள்ளை வந்து, "வேலப் பெரட்டுக்குப் போகாம இங்க என்னா நிக்கிற?" என்று அதை ஏசினார். பதில் வராததால் இன்னும் ஏசினார். விஷயம் விளங்கியதும், "தோட்டத்து மண்ண யாரக் கேட்டு எடுத்த? இப்பவே தூக்கு!" என்று என்மேல் பாய்ந்தார். ஐந்து தலைமுறையாக எங்கள் ஆட்களை அந்த மண்ணில் புதைத்தபோது யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை.

ஆகவே நோயாளியைக் கொண்டுபோகிற மாதிரி கம்பளியில் சுற்றி, பலகையில் கிடத்தி, நாலு பேர் ரோட்டுக்குச் சுமந்தோம். தோட்டத்து மருந்துக்காரர் ஐயா வழிமறித்து, "யாரு?" என்றார். "அழகம்மாங்க" என்று அம்மாவின் பெயரையே சொன்னார் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்கா. முழுப் பொய் இல்லை. ஐயா எந்தப் பொம்பளையையும் தொட்டுப் பார்க்கமாட்டார். மூன்றடி தள்ளி நின்று, கம்பளி விலகிய முதுகைப் பார்த்தார்.

"ஐயையோ, முதுகெலும்பே போயிருச்சே! ஏன் முன்னாடியே காட்டல?"

மூன்று வருடமாக அம்மா நடந்துபோய்க் காட்டி, பெனடோல் மாத்திரை மட்டும் வாங்கி வந்த அதே முதுகு. நின்ற நிலையிலேயே சிலைக்கு, அம்மா பெயரில், நுவரெலியா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, ஏற்றிப்போக லொறிக்கும் சொல்லிவிட்டார்.

மாமா, இன்றே உங்கள் வேனோடு வந்து சிலையைக் கொழும்புக்கு ஏற்றிப் போங்கள். எனக்கு வேறு வழியில்லை. அத்தைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உங்கள் மருமகள்,
சுதர்ஷினி

பி.கு.: கண்காட்சிக்கு நான் போகவில்லை. லொறி வந்துவிட்டது. ஐயா கண்ணில் படாமல் சிலையைக் கோயில் கொட்டகையில் இறக்கிவிட்டு, மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூட்டிவந்து அதே கம்பளியில் சுற்றி ஏற்றியிருக்கிறோம். நானும் கூடப் போகிறேன். பட்டத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மருந்துக்காரர் ஐயா இப்போது லொறிப் பக்கத்திலேயே நிற்கிறார். அம்மா எழுந்து அவருக்குக் கும்பிடு போடப் பார்க்கிறார். "அசையாம கெடங்கம்மா" என்று இரண்டு தரம் அதட்டிவிட்டேன்.