சேனாபதி வீட்டுப் போலந்து ஈட்டி

ஐரோப்பாவின் ஈட்டிக் குதிரைப்படைக்கு அமெரிக்க ஊரான பிளானோவில் ஒரு வாரிசு உண்டென்றால் அது சேனாபதிதான். பகலெல்லாம் ஆபீசில் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பார். வீட்டுக்கு வந்துவிட்டால் நெப்போலியன் காலம்தான். "வாட்டர்லூவுல ஜெயிச்சது இங்கிலாந்து. ஆனா பிரெஞ்சு ஈட்டிக்காரன் குத்துன குத்தைப் பார்த்து, அடுத்த வருஷமே இங்கிலீஷ்காரனும் ஈட்டிப்படை வெச்சுக்கிட்டான்!" என்பார். ஏதோ தாமே குதிரையில் போய்க் குத்திவிட்டு வந்தவர் மாதிரி மீசை துடிக்கும்.

அந்தப் பெருமைக்கு மகுடம் வைத்தாற்போல ஒரு நாள் ஒன்பதடி ஈட்டி ஒன்று வந்து இறங்கியது. உலான் எனப்படும் போலந்து குதிரைவீரர்கள் பிடித்தது போலவே மரத்தில் இழைத்தது. நுனியில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கொடி. அதை ஹால் சுவரில் மாட்டிவிட்டால் ஜென்மம் சாபல்யம். ஆனால் மனைவி ஸ்வர்ணாவின் சட்டம் கறாரானது. ஹாலில் சாமிக்குத்தான் இடம், போர்த் தளவாடமெல்லாம் கராஜில்.

"என்னங்க இது, இத்தனை நீளத்துக்கு?"

"வேல் ஸ்வர்ணா! முருகன் வேல்!"

"வேலுக்கு எதுக்குங்க சிவப்பு வெள்ளைக் கொடி?"

"சேவற்கொடிம்மா. சேவல் மட்டும் பேக் ஆர்டர், ஸ்டாக் வந்ததும் அனுப்புவாங்க."

ஸ்வர்ணா பழனிப் பக்கத்துக்காரி. பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஈட்டி ஹாலில் ஏறியது. இங்கிலாந்தே தம்மிடம் சரணடைந்த மிதப்பில் சேனாபதிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் ஸ்வர்ணா, வேல் இருக்கும் வீட்டில் இனிக் கவிச்சி கூடாது என்றாள். ஃப்ரீசரில் இருந்த கோழி பக்கத்து வீட்டுக்குப் போனது. படையெடுத்தவன் பட்டினி கிடப்பது சரித்திரத்தில் சகஜம் என்று அவர் ரசம் சாதத்தை விழுங்கினார்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் ஆன்ட்டியும் தெருவிலிருந்த தமிழ்ப் பெண்கள் நாலு பேரும் வந்தார்கள். ஆளுக்கொரு கேலன் பால்.

"எதுக்கு இவ்ளோ பால்?"

"பாலாபிஷேகங்க, நம்ம வேலுக்கு."

"மரம்மா! ஊறி வீணாயிடும்!"

"அதெல்லாம் முருகன் பாத்துக்குவாருங்க. ஆன்ட்டி, நீங்க ஆரம்பிங்க."

தனபாக்கியம் ஆன்ட்டி பால் கேன் மூடியில் கை வைத்ததுதான் தாமதம். சேனாபதி பாய்ந்து போய்ச் சுவருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"ஊத்தாதீங்க! அது வேலே இல்ல! உலான் ஈட்டி! நெப்போலியனோட போலந்துப் படை பிடிச்ச ஈட்டி! எப்பேர்ப்பட்ட பெருமை தெரியுமா இதுக்கு?"

மாட்டிக்கொண்ட அந்த நிமிஷத்திலும் அவர் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்வர்ணா மட்டும் சிரித்தாள்.

"நான் சொன்னேன்ல ஆன்ட்டி, மூடியைத் திறக்கறதுக்குள்ள உண்மை வெளிய வந்துரும்னு. பாலைக் கொண்டாங்க, எல்லாருக்கும் காப்பி போடறேன்."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, உங்க பெருமையைக் கழட்டிக் கராஜ்ல வெச்சுட்டு வாங்க, காப்பி ஆறிடும்."