மாலை போட்ட படமும் மாமனாரும்

சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குச் சமையல் வராது. எனக்குப் பாராட்டு வராது. யாராவது புதுச் சட்டை போட்டு வந்தால்கூட, "எங்க வாங்குனீங்க?" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். (அதுவே என் அகராதியில் பெரிய புகழாரம்.)

இப்படிப்பட்ட என்னைத்தான் கவிதா தன் அப்பாவிடம் பெண் கேட்க அழைத்துப் போனாள். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஆபீசுக்கு மேல்மாடியில் வேலை பார்த்தவள் அவள். வீடு கிள்ளானைத் தாண்டி மேரு என்ற ஊரில். அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"அப்பா அதிகம் பேச மாட்டாரு," என்று காரில் எச்சரித்தாள். "நீங்களும் உம்முன்னு உட்காந்துடாதீங்க. நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க லா."

வழியெல்லாம் நெரிசல். முன்னால் போன லோரியைப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு அங்கிள்" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

வாசலில் ரோஜாத் தொட்டிகள். இறங்கியதும் ஆரம்பித்துவிட்டேன். "ரோஜா அருமையா வளர்த்திருக்கீங்க அங்கிள்!"

"அது பக்கத்து வீட்டு ஆன்டியோடது," என்றார் அப்பா. வழுக்கைத் தலை, மழித்த முகம், சிரிப்பென்பதே இல்லை.

உள்ளே கவிதாவின் அம்மா முறுக்கு கொண்டுவந்து வைத்தார். "ஆன்டி கைப்பக்குவமே தனி!" என்றேன்.

"பாசார் கடையில வாங்குனது," என்றார்.

அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். கவிதா கண்ணாலேயே என்னைக் கிள்ளினாள். எதையாவது பாராட்டியாக வேண்டும். கண்ணை ஓட்டினேன். எதிர்ச் சுவரில் பெரிய கறுப்பு வெள்ளைப் படம். சுருள்முடி, முறுக்கு மீசை, நிமிர்ந்த பார்வை. படத்துக்குச் சந்தன மாலை.

தாத்தா போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். (முடிவு செய்வதில் நான் என்றுமே வேகம்தான்.)

"என்னா கம்பீரம் அங்கிள்!" என்றேன், குரல் தழுதழுக்க. "அந்த மீசைய பார்த்தாலே எழுந்து நிக்கத் தோணுது. இப்படி ஒரு மனுசன இனி எங்க பார்க்கப் போறோம்? எப்ப தவறுனாங்க?"

கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யாரு?" என்றார் அப்பா.

"படத்துல இருக்கிறவரு அங்கிள்."

"அது நான்தான்."

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் பழகாத வண்டிக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாதல்லவா? "சாரி அங்கிள்... இப்பவும் நல்லா... உயிரோடதான் இருக்கீங்க," என்றேன்.

சமையலறையிலிருந்து ஒரு வெடிச்சிரிப்பு. அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "ரிட்டையர் ஆனப்போ கூட்டாளிங்க இவரோட இளவயசுப் படத்த பெருசாக்கிக் குடுத்தது தம்பி. மாலையும் அவங்க போட்டதுதான். கழட்டுங்க, கழட்டுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். மரியாதைக்குப் போட்டதை எப்படிக் கழட்டறதுன்னு கேக்கறாரு!"

அப்பா எழுந்தார். நானும் எழுந்து வாசலில் என் செருப்பு இருக்கும் திசையைப் பார்த்தேன். கல்யாணம் முடிந்தது, அதாவது இல்லாமல் போனது என்று நினைத்தேன்.

அவர் படத்தின் கீழே போய் நின்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரும்பாமலேயே, "தம்பி, அந்த மீசைய பத்தி என்னமோ சொன்னீங்களே?" என்றார்.

"பார்த்தாலே... எழுந்து நிக்கத் தோணுதுன்னு..."

"கேட்டியா?" என்றார் மனைவியிடம். "குத்துது குத்துதுன்னு எடுக்க வச்சியே!"

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தார். "குத்துச்சுதான்," என்றார். பிறகு கரண்டியைப் பார்த்தபடி மெதுவாக, "ஆனா அழகாத்தான் இருந்துச்சு," என்றார்.

கிரேன் ஓட்டிய அந்தப் பெரிய மனிதரின் காது நுனிகள் சிவந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மழித்த மேலுதட்டை ஒரு விரலால் தடவிக்கொண்டார். "இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லையே."

"தம்பிக்குச் சாப்பாடு போடு," என்றார் அவர். அதுதான் சம்மதம் என்று கவிதா பிறகு விளக்கினாள். அவரே ஸ்டூல் போட்டு ஏறி மாலையைக் கழற்றினார். எங்கள் கல்யாணத்தன்று மண்டபத்தில் என்னைவிட அவர் மீசையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். மாமியார் அவர் பக்கத்திலேயே நின்று, "நான்தான் வளர்க்கச் சொன்னேன்," என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேசாத மனிதர் இப்போது நிறையப் பேசுகிறார், அதுவும் என்னிடம். போன வாரம் தேநீர் கலக்கப் போயிருந்தேன். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண், என் மேசையில் மணியடித்த போனை எடுத்துவிட்டு, வெளிறிய முகத்தோடு ஓடி வந்தாள்.

"அண்ணே, உங்க காலஞ்சென்ற மாமனார் பேசறாராம். வரும்போது பால் வாங்கிட்டு வரச் சொல்றாரு."